‘ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?’

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டிலிருந்து பள்ளி இரண்டரை கிலோமீட்டர். போன வருடத்திலிருந்து சைக்கிளில்தான் போய் வருகிறாள். இப்போது பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. ‘வாயிலில் நெரிசல் அதிகமாகிவிட்டதால், மாணவர்களின் பாதுகாப்பைக் கருதி, அடுத்த கல்வியாண்டு முதல் சைக்கிளில் வர அனுமதி இல்லை’ என்கிறது. சைக்கிள் கொட்டகையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் கார்கள் உள்ளே வந்து திரும்ப வழி செய்யப் போகிறார்களாம். சுமார் 60 பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசினேன். “ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? நீங்களா, நானா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படித் தடை போடப் பள்ளிக்கு உரிமை இருக்கிறதா? நான் என்ன செய்யலாம்? நான்காம் வகுப்பு படிக்கும் மகன் வேறு, தானும் அக்காவோடு சைக்கிளில் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உரிமைக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குப் பிடி கிடைக்காது. பொதுவாகப் பள்ளியின் அதிகாரம் சுற்றுச்சுவரோடு நின்றுவிடும். வளாகத்துக்குள் சைக்கிள் நிறுத்த இடம் தருவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யலாம். பொதுச்சாலையில் உங்கள் மகள் ஓட்டலாமா என்பதைச் சொல்ல வேண்டியது போக்குவரத்துச் சட்டமும் பெற்றோரும்தான். சரி, ஆனால் நிறுத்த இடமே இல்லாமல் ஓட்டும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமெரிக்காவில் இந்தச் சண்டை நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது. பெற்றோர் அனுமதித்தால் பிள்ளை நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போகலாம், அதற்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று 2015இல் அங்கே கூட்டாட்சிக் கல்விச் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்த்தார்கள். அந்தப் பிரிவுகூட, மாநிலச் சட்டமும் உள்ளூர்ச் சட்டமும் வேறு சொன்னால் அவற்றுக்குத்தான் வழிவிடுகிறது. ஆகவே சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போகாதீர்கள். கதவு சாத்தப்பட்டுவிட்டால் அப்புறம் திறப்பது கஷ்டம்.

அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளுக்குப் போக்குவரத்துத் திட்டம் போட்டுத் தருவது என் தொழில். இந்தக் கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் எல்லாத் தலைமையாசிரியர்களும் கேட்கிறார்கள். வாசலில் ஒரு பிள்ளை விழுந்து கை ஒடிந்தால் முதல் தொலைபேசி அழைப்பு அவருக்குத்தான் வரும். அதனால் கண்ணில் படும் ஆபத்தை, அதாவது சைக்கிளை, வாசலிலிருந்து அப்புறப்படுத்தப் பார்க்கிறார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும். உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. நெரிசலால்தான் தடை என்கிறது சுற்றறிக்கை. அந்த நெரிசல் அறுபது சைக்கிள்களால் வந்ததல்ல.

ஒரு நாள் காலை, மணி அடிக்க அரை மணி நேரம் இருக்கும்போதே போய் வாயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் முதல் கார் வாயிலை ஒட்டி நிற்கும். இரண்டாவது கார் அதன் பின்னால் நிற்காமல் பக்கத்தில் நிற்கும். பிள்ளை சாலைப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்குவான், பை பின்சீட்டில் இருக்கும், அப்பா இறங்கி வந்து எடுத்துக் கொடுப்பார். அந்தக் கதவு திறந்திருக்கும் நேரத்தில்தான் உங்கள் மகள் அங்கே வந்து சேர்வாள். விலகிப் போக வேண்டுமானால் சாலை நடுவுக்குப் போக வேண்டும். அங்கே, பிள்ளையை இறக்கிவிட்ட ஒருவர் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டிருப்பார். பின்னோக்கி வரும் காரின் ஓட்டுநருக்குக் குள்ளமான பிள்ளை கண்ணாடியில் தெரியாது. பள்ளி வாசலில் நான் பார்க்கும் ஆபத்தில் பெரும்பகுதி இந்த மூன்றில் அடங்கிவிடும்: திறக்கும் கதவு, இரட்டை வரிசை, பின்னோக்கி வரும் வண்டி. மூன்றிலும் வண்டி ஓட்டுபவர் ஒரு பெற்றோர். தன் பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் அவரும் காரில் கொண்டுவந்து விடுகிறார்.

இப்போது பள்ளியின் திட்டப்படி கணக்குப் போடுங்கள். 60 பேரில் பாதிப் பேர் நடந்தோ பேருந்திலோ வருவார்கள் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். மீதி 30 பேரை வண்டியில்தான் விட வேண்டும். ஒரு வண்டி வரவும் வேண்டும், போகவும் வேண்டும். ஆக, காலையில் வாயிலைக் கடக்கும் வண்டிகள் 60 கூடுகின்றன, மாலையில் இன்னொரு 60. நெரிசலைக் குறைக்க எடுத்த முடிவு இது! உள்ளே திரும்பும் வசதி வந்துவிட்டால், இதுவரை தெருமுனையில் இறக்கிவிட்டவர்களும் நேராக உள்ளே வருவார்கள். இடம் கொடுத்தால் கார் வரும். போக்குவரத்துத் திட்டம் போடும் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பிரிக்கப் போகிற கொட்டகையையும் அளந்து பார்க்கலாம். தலைகீழ் ‘ப’ வடிவத்தில் வளைத்துத் தரையில் ஊன்றிய இரும்புக் குழாய்தான் நல்ல சைக்கிள் ஸ்டாண்டு. ஒன்றில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள் நிற்கும். ஒரு மீட்டர் இடைவெளியில் 30 குழாய் ஊன்றினால் 60 சைக்கிளும் முடிந்தது. மொத்தம் 60 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதே இடத்தில் ஐந்து கார் நிறுத்தலாம். ஐந்து காருக்காக அறுபது பிள்ளைகளை வெளியே அனுப்புகிறோம் என்று கணக்காகச் சொன்னால் கூட்டத்தில் யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள். (முன்சக்கரத்தை மட்டும் செருகும் தாழ்வான கம்பி வரிசைதான் இப்போது இருக்கிறது என்றால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். ஒரு சைக்கிள் சாய்ந்தால் அடுத்ததும் சாய்ந்து சக்கரம் கோணிவிடும். பூட்டவும் தோதுப்படாது.)

அடுத்தது வேகம். இதைப் பேசாமல் பாதுகாப்பு பற்றிப் பேச முடியாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஒரு நொடியில் சுதாரித்து பிரேக் பிடித்தால், ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அவர் சுதாரிக்கும் அந்த ஒரு நொடியிலேயே கார் 14 மீட்டர் கடந்திருக்கும். நிற்க 28 மீட்டர் வேண்டும். 13 மீட்டர் தூரத்தில் ஒரு பிள்ளை தடுமாறினால் முதல் கார் நின்றுவிடும், இரண்டாவது கார் வேகம் குறைக்கத் தொடங்குவதற்குள் மோதியிருக்கும். பிள்ளைகளும் சைக்கிள்களும் வண்டிகளோடு கலந்து போகும் இடங்களில் 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய சாலைப் பாதுகாப்புக்கான உலக அமைச்சர்கள் மாநாடு அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. பள்ளியால் வேக வரம்பு போட முடியாது. உள்ளாட்சியும் காவல்துறையும்தான் போட வேண்டும். ஆனால் தனியொரு தாய் எழுதும் மனுவுக்கும் பள்ளியின் முத்திரையோடு போகும் கடிதத்துக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல. அதனால்தான் தலைமையாசிரியரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

மற்ற இடங்களில் பள்ளிகள் என்ன செய்கின்றன என்று அவர் கேட்கலாம். இத்தாலியின் போல்சானோ நகரில் 1989இலேயே, பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் மட்டும் பள்ளி முன்னுள்ள தெருவை மோட்டார் வண்டிகளுக்கு அடைத்தார்கள். லண்டனிலும் பாரிசிலும் இப்போது நூற்றுக்கணக்கான பள்ளித் தெருக்களில் கார் தடை இருக்கிறது. லண்டனில் பெரும்பாலும் பள்ளி நேரத்துக்கு மட்டும், பாரிசில் பல தெருக்களில் நிரந்தரமாகவே. உங்கள் பள்ளி நினைத்ததற்கு நேர் எதிர்: சைக்கிளை அனுமதித்துக் காரைத் தடுத்தார்கள்.

ஜப்பானின் வழியை உங்கள் தலைமையாசிரியர் விரும்புவார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதில் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளி குறித்துக் கொடுத்த வழியில் நடந்துதான் போகிறார்கள், பல ஊர்களில் குழுவாக. நடுநிலைப் பள்ளியில் பல இடங்களில் சைக்கிளுக்கு அனுமதி முறை உண்டு. வீடு இத்தனை தூரத்துக்கு அப்பால் இருந்தால் விண்ணப்பிக்கலாம், ஹெல்மெட் போட வேண்டும், அனுமதி பெற்ற சைக்கிளில் பள்ளியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். விதி மீறினால் அனுமதியைத் திரும்பப் பெறலாம். முழுத் தடைக்கும் ‘எப்படியோ வந்து சேரட்டும்’ என்று விடுவதற்கும் நடுவில் இப்படி ஒரு இடம் இருக்கிறது. நெதர்லாந்திலோ, தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளில் போக்குவரத்துத் தேர்வே வைக்கிறார்கள். எழுத்துத் தேர்வு தனி. செய்முறையில் எண் போட்ட மேலாடையோடு பிள்ளை உண்மையான சாலையில் ஓட்டிப் போக, தன்னார்வலர்கள் வழியில் நின்று கைகாட்டித் திரும்பினானா, பின்னால் பார்த்தானா என்று குறித்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் 2007இல் தொடங்கிய பைக்கெபிலிட்டி பயிற்சி மூன்று படிகள் கொண்டது. முதல் படி மைதானத்தில், இரண்டாவது அமைதியான தெருவில், மூன்றாவது நெரிசலான சாலையில்.

‘அது நெதர்லாந்து, அங்கே எல்லாம் நடக்கும்’ என்று யாராவது சொல்வார்கள். கட்டாயம் சொல்வார்கள். 1971இல் அந்நாட்டில் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெயர் வைத்துக்கொண்டு பெற்றோர் தெருவில் இறங்கினார்கள், சாலைகளை மறித்தார்கள். அப்படித்தான் இன்றைய நெதர்லாந்து வந்தது.

இனி, சைக்கிள் என்ற சொல்லே இல்லாமல் சைக்கிளை முடிவு செய்யும் பள்ளி விதிகளுக்கு வருகிறேன். இவற்றை யாரும் கவனிப்பதில்லை. முதலில் புத்தகப் பை. அன்றைக்கு ஆறு பாடம் என்றால் ஆறு பாடத்துக்கும் புத்தகம், நோட்டு எல்லாம் கொண்டுவர வேண்டும் என்று கால அட்டவணை போட்டால், அந்தப் பை சைக்கிளில் எங்கே போகும்? முதுகில் மாட்டினால் பிள்ளை பின்னால் இழுபடும். பலர் ஹேண்டில் பாரில் ஒரு பக்கமாகத் தொங்கவிடுகிறார்கள். திரும்பும்போது பை ஆடி முன்சக்கரக் கம்பிகளுக்குள் போகும், சக்கரம் சட்டென்று நிற்கும், பிள்ளை தலைகுப்புற விழும். சைக்கிள் விபத்து என்று பதிவேட்டில் எழுதுவார்கள். பையைப் பின் கேரியரில் வைத்து ரப்பர் பட்டையால் கட்டுவதைக் கட்டாயமாக்கலாம், வகுப்பில் ஒரு அலமாரி தரலாம். சீருடையும் அப்படித்தான். நீளமான பாவாடை செயினில் சிக்கும். செயின் மூடி இல்லாத சைக்கிளில் வரும் மாணவிக்குக் கால்சட்டை அணிய அனுமதி கொடுத்தால் தீர்ந்தது. அப்புறம் விடும் நேரம். எல்லா வகுப்பையும் ஒரே மணியில் ஒரே வாயிலில் விடுவதுதான் மாலை நெரிசலின் பெரிய காரணம். சைக்கிள் பிள்ளைகளைப் பத்து நிமிடம் முன்போ பின்போ விட்டாலே பாதிப் பிரச்சினை கழியும். இரண்டாவது வாயில் இருந்தால் இன்னும் நல்லது. பல பள்ளிகளில் பின்பக்கம் ஒரு வாயில் இருக்கும், எந்தக் காலத்திலோ பூட்டியது, சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. அந்தச் சாவியைத் தேடச் சொல்லுங்கள்.

பள்ளியை எங்கே கட்டுவது என்பதும் பெரிய விஷயம்தான். ஆனால் அது உங்கள் கையில் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 1969இல் ஏறத்தாழ 48 சதவீதம் பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009இல் அது 13 சதவீதம். தொடக்கப்பள்ளிக்கே 10 ஏக்கர், அதற்கு மேல் 100 மாணவருக்கு ஒரு ஏக்கர் என்று பல காலம் அங்கே ஓர் அளவுகோல் இருந்தது. ஊருக்குள் பத்து ஏக்கர் எங்கே கிடைக்கும்? பள்ளி ஊர் எல்லைக்குப் போனது, பிள்ளைகள் காருக்குப் போனார்கள். 2004இல் அந்த அளவுகோலைக் கைவிட்டார்கள், கட்டிய பள்ளிகள் அங்கேயேதான் நிற்கின்றன. உங்களுக்கு இரண்டரை கிலோமீட்டர்தான். சைக்கிளில் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருவோம். சைக்கிளில் வரும் மற்ற பிள்ளைகளின் பெற்றோரில் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுபது பேரும் வேண்டாம், கூட்டம் சேர்ந்தால் போராட்டமாகத் தெரியும். ஒரு வாரம் முறை வைத்து வாயிலில் நின்று எண்ணுங்கள்: எத்தனை கார், எத்தனை பேர் இரட்டை வரிசையில் நின்றார்கள், எத்தனை முறை வண்டி பின்னால் எடுக்கப்பட்டது, எத்தனை முறை ஒரு பிள்ளை விலக வேண்டி வந்தது. தேதியும் நேரமும் போடுங்கள். பிள்ளைகள் முகமோ வண்டி எண்ணோ தெரியும் படம் எடுக்காதீர்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அப்புறம் ஒரு பெரிய தாளில் பள்ளியையும் சுற்றுத் தெருக்களையும் வரைந்து, அறுபது பிள்ளைகளும் எந்த வழியில் வருகிறார்கள் என்று கோடு போடுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு வழிகளில் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். சிக்கலான சந்திப்பு ஒன்றோ இரண்டோ இருக்கும். ‘சைக்கிள் ஆபத்து’ என்ற பேச்சு ‘இந்தச் சந்திப்பு ஆபத்து’ என்று மாறிவிட்டால் வேலை பாதி முடிந்தது.

அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டி வரலாம். ஏதாவது ஒரு வழி லாரிகள் வேகமாகப் போகும் சாலையில், ஓரமும் இல்லாமல், மாற்றுத் தெருவும் இல்லாமல் இருந்தால், அந்த வழியில் வரும் பிள்ளைகளுக்குப் பள்ளி அனுமதி மறுப்பது சரி என்றே சொல்வேன். லாரி திரும்பும்போது அதன் பக்கவாட்டில் நிற்கும் சைக்கிள், லாரியை ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சாமர்த்தியத்தை நம்பி விடும் இடம் அது அல்ல. வழிக்கு வழி முடிவெடுக்கட்டும், மொத்தப் பள்ளிக்கும் ஒரே தடை வேண்டாம் என்பதே என் கட்சி.

தலைமையாசிரியரிடம் கேட்பது சிறியதாக இருக்கட்டும். கொட்டகையைப் பிரிப்பதை ஒரு பருவம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அந்தப் பருவத்தில் மூன்று ஏற்பாடு. காரில் வருவோர் வாயிலிலிருந்து 300 மீட்டர் தள்ளி, குறித்த இடத்தில் இறக்கிவிட்டு, பிள்ளை நான்கைந்து நிமிடம் நடந்து வரட்டும். சைக்கிளுக்குத் தனி வாயில் அல்லது தனி நேரம். பயிற்சி முடித்து, பிரேக், பெல், டயர், ரிஃப்ளெக்டர் சரிபார்த்த சைக்கிளுக்கு மட்டும் அனுமதி ஸ்டிக்கர். சரிபார்க்கும் வேலையை மாதம் ஒரு முறை பெற்றோரே செய்கிறோம் என்று நீங்களே முன்வாருங்கள். பள்ளிக்குச் செலவு அதிகமில்லை, பழைய நிலைக்குத் திரும்புவதும் சுலபம். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் காரணம் குறைவாக இருக்கும்.

‘யார் பொறுப்பு’ என்பதற்கும் இப்போது பதில் சொல்லலாம். வழியில் நடப்பதற்குப் பெற்றோர் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கிறோம், வாயிலில் ஒழுங்கு பள்ளியின் பொறுப்பு, சாலை உள்ளாட்சியின் பொறுப்பு. அந்தக் கையெழுத்து வாங்கிவிட்டால் பள்ளிக்கு எல்லாம் கழிந்தது என்று அவர் நினைத்தால், அது அப்படியல்ல என்று மெதுவாகச் சொல்லுங்கள். தன் வளாகத்திலும் வாயிலிலும் கவனக்குறைவாக இருந்தால் எந்தத் தாளும் காப்பாற்றாது. பள்ளியின் காப்பீட்டில் வந்து போகும் பயணமும் அடங்குகிறதா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பலர் பயத்திலேயே இருப்பார்கள், கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் அவர் காதில் போடுங்கள். சாலையில் சைக்கிள்கள் கூடக் கூட ஒவ்வொருவருக்குமான ஆபத்து குறைகிறது என்பது 2003இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பின் பரவலாகப் பேசப்படுகிறது. எண்ணிக்கை இரட்டிப்பானால் தனி ஒருவருக்கான ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறையும் என்கிறது அந்தக் கணக்கு. காரணம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம். ஓட்டுநர்களின் கண் பழகுவதும் இருக்கலாம், நல்ல சாலை இருக்கும் இடத்தில் சைக்கிள் பெருகுவதும் இருக்கலாம். எப்படியானாலும், அறுபதை முப்பதாகக் குறைத்தால் மிச்சமிருப்பவர்களுக்குப் பாதுகாப்பு கூடும் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் வழியில் வரும் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் புறப்பட்டு, முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர் என்று சேர்ந்து போகலாம். பார்சிலோனாவில் 2021 முதல் பெற்றோரும் பிள்ளைகளும் இப்படித்தான் நகரின் நடுச்சாலையில் கூட்டமாகப் போகிறார்கள், ‘பிசிபஸ்’ என்று பெயர். உங்களுக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். வாரம் இரண்டு நாள் போதும்.

மகன் விஷயம். ஒன்பது வயதில் சைக்கிள் ஓட்டத் தெரிவதும் சாலையில் ஓட்டத் தெரிவதும் வேறு வேறு. வரும் காரின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிப்பது அந்த வயதில் இன்னும் கைவராது. ஜெர்மனியில் எட்டு வயது நிறையும் வரை நடைபாதையிலோ, சாலையிலிருந்து பிரித்துக் கட்டிய சைக்கிள் பாதையிலோதான் ஓட்ட வேண்டும், பத்து நிறையும் வரை நடைபாதையில் ஓட்டலாம் என்று சட்டம். நான்காம் வகுப்பில்தான் அங்கே சைக்கிள் தேர்வு வைக்கிறார்கள். ஆகவே இப்போதைக்கு அவனைத் தனியாக அனுப்ப வேண்டாம். அக்காவோடு மட்டும் அனுப்புவதும் வேண்டாம். அவளுக்கே பன்னிரண்டு வயது. தம்பியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் அவள் தன் பாதையைக் கோட்டை விடுவாள். விடுமுறை நாள் காலையில் நீங்கள் ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டு, அவனை ஓரமாக முன்னால் விட்டு, நீங்கள் சற்றே சாலைப் பக்கமாகப் பின்னால் வந்து அதே இரண்டரை கிலோமீட்டர் போய் வாருங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் நிறுத்தி, ‘இப்போ போகலாமா?’ என்று அவனையே கேளுங்கள். அவன் சொல்லும் பதில் தொடர்ந்து சரியாக வர ஆரம்பித்த பிறகு, பெரியவர்கள் கூட வரும் அந்தக் குழுவில் அவனையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் அவன் சைக்கிள் சீட்டைப் பாருங்கள். ‘வளர்கிற பிள்ளை’ என்று பெரிய சைக்கிளாக வாங்கியிருந்தால், சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு கால் நுனியும் தரையில் படுகிறதா, பிரேக் பிடியை விரல் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வெளியே எடுங்கள்.